மார்வாவைக் கேட்காமல் எழுதிய வரி

அருண்,

போன ஞாயிற்றுக்கிழமை நீ ஃபோனை வைத்த விதம் எனக்குப் பிடிக்கவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் இந்தக் கடிதம் முழுவதும் அதையே சுற்றிச் சுற்றி வரும். "ஓகேம்மா, லேட்டர் பேசலாம்" என்று சொல்லி வைத்துவிட்டாய். அந்த லேட்டர் எது என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கல்யாணம் முடிந்து, நீயும் நிவேதாவும் ஊர் சுற்றிவிட்டு ஃப்ரீமான்ட்டுக்குத் திரும்பி, இரண்டு பேரும் ஆபீஸ் வேலையில் மூழ்கிய பிறகு வருகிற லேட்டர் அது. அதற்குள் மார்வாவின் விஷயம் முடிந்து கோப்பை மூடியிருப்பார்கள். அதனால் பேச வேண்டாம் என்று முடிவு செய்து எழுத உட்கார்ந்துவிட்டேன். எழுதும்போது நீ குறுக்கே பேச முடியாது, அது ஒரு வசதி.

இது உனக்கு மட்டுமான கடிதம் இல்லை. நம் தமிழ்ச் சங்க மலருக்கு என்னிடம் ஒரு கட்டுரை கேட்டிருந்தார்கள். அமெரிக்காவில் இருந்துகொண்டே கரீபியன் தீவு ஒன்றில் நம்மவர் வீட்டுக் கல்யாணங்களை எப்படி நடத்தினேன், என்னென்ன சவால்களைச் சந்தித்தேன் என்று நான்கு பக்கம் வேண்டுமாம். கூடவே பட்டுப்புடவையில் ஒரு போட்டோவும். அதற்குப் பதிலாக இதைத்தான் கொடுக்கப் போகிறேன், போட்டால் போடட்டும். தமிழ் படிக்க நீ தடுமாறுவாய். நிவேதா நன்றாகப் படிப்பாள், அவளையே படித்துக் காட்டச் சொல். வரப்போகிற மாமியாரின் குணம் கல்யாணத்துக்கு முன்பே தெரிந்துகொள்வது அவளுக்கும் நல்லதுதான்.

மற்றவர்களும் படிப்பார்கள் என்பதால் கொஞ்சம் முன்கதை. உன் அப்பாவுக்கு எண்ணெய்க் கம்பெனி வேலை கிடைத்து நாம் ஹூஸ்டன் பக்கம் சுகர் லேண்டுக்கு வந்தோம். நீ ஹைஸ்கூல் போகத் தொடங்கியதும் எனக்குப் பொழுது போகவில்லை. அந்தச் சமயத்தில் பக்கத்து ஊரான கேட்டியில் நமக்குத் தெரிந்த ஒரு வீட்டில் பெண் கடற்கரையில்தான் கல்யாணம் என்று ஒற்றைக் காலில் நின்றாள். அவள் அப்பாவோ ஓமம் இல்லாமல் ஒரு கல்யாணமா என்று குதித்தார். இரண்டையும் சேர்த்து முடித்துத் தருகிறேன் என்று நான் நடுவில் புகுந்தேன். கரீபியன் கடலில் ஒரு சின்னத் தீவு, ஹூஸ்டனிலிருந்து ஒரு விமானம் மாறிப் போக வேண்டும். கடலோரமாக ஒரு ஹோட்டல். தீவின் பெயரையும் ஹோட்டலின் பெயரையும் இங்கே எழுதவில்லை, உனக்குத் தெரியும், அது போதும். அந்த ஒரு கல்யாணம் ஊரெல்லாம் பேச்சாகி, பிறகு டெக்ஸாஸிலிருந்தும் நியூ ஜெர்சியிலிருந்தும் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள்.

அந்த முதல் கல்யாணத்தில்தான் மார்வாவைப் பார்த்தேன். ஹோட்டலின் இரண்டாம் மாடி அறைகளைச் சுத்தம் செய்கிறவள், அப்போதே அங்கே பன்னிரண்டு வருடம் வேலை பார்த்தவள். ஓமப்புகை ஹாலுக்குள் பரவி அலாரம் அடித்து, மாப்பிள்ளை வீட்டார் பாதிப் பேர் பட்டுப்புடவையோடு கார் நிறுத்துமிடத்தில் நின்றது உனக்கு ஞாபகம் இருக்கும். எல்லாரும் என்னைப் பார்த்துக் கத்தினார்கள். மார்வாதான் அறைகளுக்குத் துண்டும் சோப்பும் தள்ளிக்கொண்டு போகிற வண்டியைக் கொண்டுவந்தாள், மேல்தட்டில் மணலைப் பரப்பினாள், ஓமகுண்டத்தை அதன்மேல் வைக்கச் சொல்லி, காற்றடிக்கும் திசையைப் பார்த்துப் புல்வெளியின் கிழக்கு மூலைக்குத் தள்ளிக்கொண்டு போனாள். ஐயரும் மந்திரத்தை நிறுத்தாமல் வண்டியோடு கூடவே நடந்தார். முகூர்த்தம் தப்பவில்லை.

அதற்குப் பிறகு அவள் இல்லாமல் ஒரு கல்யாணமும் நடக்கவில்லை. தேங்காயைக் குடுமியோடு உரிக்க வேண்டும் என்று ஒருமுறைதான் காட்டினேன். குலை தள்ளிய வாழை எந்தத் தோட்டத்தில் இருக்கிறது, மாவிலைக்கு யார் வீட்டு மரம் என்று அவளுக்குத்தான் தெரியும். நாதஸ்வரக்காரருக்கு விசா கிடைக்காமல் போன வருடம், ஊரில் ஸ்டீல் டிரம் அடிக்கிற நான்கு பேரைப் பிடித்து வந்து கெட்டிமேளம் பழக்கினாள். ஐயர் விரலை உயர்த்துவதை அவர்கள் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து பார்க்க முடியாது. மார்வா நடுவில் நின்று வெள்ளைத் துண்டை ஆட்டுவாள், அடி விழும், தாலி ஏறும். நீ கூப்பிடுவதைப் பார்த்து அவளும் என்னை அம்மா என்றே கூப்பிடப் பழகிவிட்டாள். என்னைவிட இரண்டு வயதுதான் சின்னவள்.

இதில் வேலைக் கணக்கு ஒன்று இருக்கிறது, அது தெரியாமல் மீதியைப் புரிந்துகொள்ள முடியாது. ஆகஸ்ட், செப்டம்பரில் அந்தத் தீவுக்கு வெள்ளைக்காரர்கள் வரமாட்டார்கள், புயல் காலம். ஹோட்டலில் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு டிசம்பரில் திரும்பக் கூப்பிடுவார்கள். நமக்கு ஆடி முடிந்து ஆவணி பிறந்தால் வரிசையாக முகூர்த்தம். புயல் வந்துவிடாதா என்று கேட்டால், நல்ல நாள் பார்த்துத்தானே வைத்திருக்கிறோம் என்று பதில் சொல்கிற கூட்டம் நம்முடையது. ஆக, மற்றவர்கள் வராத மாதங்களில் நாம் போனோம். அறை சுத்தம் செய்கிறவர்கள், சமையற்கட்டு ஆட்கள், டாக்சிக்காரர்கள் என்று பல பேருக்கு அந்த இரண்டு மாதமும் அடுப்பு எரிந்தது. இதை நான் எத்தனை மேடையில் சொல்லியிருக்கிறேன் தெரியுமா? அந்தத் தீவுக்கே நாம்தான் சோறு போடுகிற மாதிரி பேசுவேன். இப்போது நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

சிக்கல் எங்கே வந்தது என்றால், மார்வா ஹோட்டலின் நிரந்தர ஊழியர். அவளுடைய மேற்பார்வையாளர் சொல்கிற நாளில் சொல்கிற அறையைத் துடைக்க வேண்டும். ஒரு ஆவணி முகூர்த்தத்தன்று காலையில் அவளை மூன்றாம் மாடிக்கு அனுப்பிவிட்டார்கள். துண்டை ஆட்ட ஆள் இல்லை. டிரம்காரர்கள் யாரோ கையைத் தூக்கியதைப் பார்த்து முன்னாலேயே அடித்துவிட்டார்கள். பெண்ணின் பாட்டி அபசகுனம் என்று அழுது, எனக்கு மானம் போய்விட்டது. வீட்டுக்கு வந்ததும் மேனேஜருக்கு ஒரு ஈமெயில் எழுதினேன். எழுதினேன் என்றால், நான் சொன்னேன், நீ அடித்தாய். அப்போது நீ காலேஜில் இரண்டாம் வருடம், லீவுக்கு வந்திருந்தாய். என் ஆங்கிலத்தில் எனக்கு நம்பிக்கை கிடையாது, என் பிசினஸ் ஈமெயில்கள் எல்லாம் நீ அடித்தவைதான். மார்வாவை அறைகளிலிருந்து எடுத்துக் கல்யாண வேலைகளுக்கு மட்டும் என்று மாற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் அடுத்த வருடக் கல்யாணங்களை வேறு தீவுக்குக் கொண்டுபோய்விடுவேன் என்று மிரட்டினோம். கடைசியில் ஒரு வரி: இந்த மாற்றத்துக்கு மார்வாவும் சம்மதித்திருக்கிறார்.

மார்வாவை யாரும் கேட்கவில்லை. நான் கேட்கவில்லை, மேனேஜரும் கேட்கவில்லை. என் ஈமெயிலை வைத்துக்கொண்டே அவளை ஊழியர் பதிவேட்டிலிருந்து எடுத்து, கல்யாணத்துக்கு இவ்வளவு என்று பேசி வேலை கொடுக்கிற ஒப்பந்த ஆளாக்கிவிட்டார்கள். ஒரு தாளை நீட்டினார்கள், கல்யாண வேலைக்கு மாற்றுகிறார்கள் என்று நினைத்து அவளும் கையெழுத்துப் போட்டாள். அடுத்த இரண்டு வருடமும் அவளுக்கு முன்னைவிட நல்ல வருமானம் என்பது உண்மைதான். மேலிடத்தில் பேசி மார்வாவை உயர்த்திவிட்டேன் என்று நான் மார்தட்டிக்கொண்டதும் உண்மைதான்.

பிறகு கொரோனா வந்தது. ஒரு பங்குனிக் கல்யாணத்துக்கு அவள் வாழைமரம் வெட்டிக்கொண்டுவந்து வைத்திருந்தாள். அந்த வாரம்தான் தீவில் விமான நிலையத்தை மூடினார்கள். விமானம் இறங்கவில்லை என்றால் ஹோட்டல் மூடும், அவ்வளவுதான் என்று நான் நினைத்தேன். மார்வா அனுப்பிய வாய்ஸ் மெசேஜ்களைக் கேட்டுத்தான் மற்றது தெரிந்தது. முதலில் ஹோட்டல் ஆட்கள், அடுத்து டாக்சிக்காரர்கள். ஹோட்டலுக்கு மட்டுமே கீரையும் லெட்டூஸும் போட்ட தோட்டக்காரர் பயிரை அப்படியே மண்ணோடு உழுதுவிட்டார், ஊர்க்காரர்கள் அந்த லெட்டூஸைச் சாப்பிடுவதில்லை. மீன்காரர்களுக்கு மீன் கிடைத்தது, வாங்க ஆள் இல்லை. பெட்ஷீட் வெளுக்கிற சலவைக்கூடம், டிரம் அடிக்கிறவர்கள், பஸ் நிற்கும் இடத்தில் கடை வைத்திருந்தவள், அந்தக் கடையில் உதவிக்கு இருந்த அவள் தங்கை என்று ஒவ்வொருவராக வேலை இழந்தார்கள். ஒவ்வொரு மெசேஜிலும் ஒரு புதுப் பெயர் இருக்கும். எனக்குத் தெரிந்த பெயர்கள்தான் எல்லாம், நம் கல்யாணங்களில் பந்தி பரிமாறியவர்கள்.

அதே மாதங்களில் இங்கே நாம் என்ன செய்துகொண்டிருந்தோம்? உன் அப்பா டைனிங் டேபிளில் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு, ஃப்ரீவேயில் போகவேண்டாம் என்று நிம்மதியாக இருந்தார். கல்யாண வீட்டார் வாட்ஸாப் குழுவில் முன்பதிவு என்ன ஆகும் என்று நூறு மெசேஜ் வந்தது. அங்கே வேலை செய்தவர்கள் என்ன ஆனார்கள் என்று ஒருத்தர் கேட்டிருந்தால் கையெடுத்துக் கும்பிட்டிருப்பேன். ஏன், நானே கேட்கவில்லையே. கேட்டியில் வீட்டுப் பின்புறத்தில் பந்தல் போட்டு, இருபது பேரை வைத்து, மீதிப் பேருக்கு ஜூமில் காட்டுகிற கல்யாணங்களை ஆரம்பித்துவிட்டேன். அது நன்றாகவே ஓடியது. மார்வாவின் மெசேஜ்களுக்குக் கும்பிடுகிற பொம்மையை அனுப்பினேன். அப்புறம் அதையும் அனுப்பவில்லை. என்ன பதில் சொல்வது என்று தெரியவில்லை என்று எனக்கே சொல்லிக்கொண்டேன், அது பொய். அவள் ஏதாவது கேட்டுவிடுவாளோ என்று பயந்தேன்.

அவள் கேட்டிருக்கவேண்டியது ஒன்று இருந்தது, அப்போது அவளுக்கே அது தெரியாது. மூடிய ஹோட்டல் ஊழியர்களுக்கு அந்த அரசாங்கம் மாதாமாதம் உதவி கொடுத்தது. ஹோட்டலும் அவரவர் வேலை பார்த்த வருடங்களுக்கு ஏற்ப ஒரு தொகை கொடுத்தது. இரண்டுக்கும் பதிவேட்டில் பெயர் இருக்கவேண்டும். மார்வாவின் பெயருக்கு எதிரே, சொந்த விருப்பத்தின் பேரில் வேலையை விட்டவர் என்று எழுதியிருந்தது. அவளோடு அறை துடைத்தவர்கள் வரிசையில் நின்று வாங்கிக்கொண்டு போனார்கள். அவளைச் சன்னலிலிருந்தே திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

உன் அப்பாவுக்கு ஒருமுறை வேலை போனது உனக்கு ஞாபகம் இருக்கிறதா? எண்ணெய் விலை விழுந்த வருடம். நான் அழுதேன், கோயிலில் யாருக்கும் சொல்லாதே என்று உன்னை மிரட்டினேன். நான்கு மாதத்தில் அதே ஃப்ரீவேயில், வண்டி இறங்குகிற எக்ஸிட் இன்னும் மூன்று தள்ளி இன்னொரு கம்பெனியில் சேர்ந்துவிட்டார். அந்தத் தீவில் இருப்பது ஒரே ஒரு சாலை, அது விமான நிலையத்திலிருந்து ஹோட்டல்கள் வரை போகிறது. அந்தச் சாலையில் வண்டி ஓடவில்லை என்றால் அடுத்த எக்ஸிட் என்று ஒன்று கிடையாது. கப்பலில் வேலைக்குப் போகலாம் என்றால் கப்பலும் நின்றிருந்தது. இதைப் புரிந்துகொள்ள எனக்கு இத்தனை வருடம் ஆகியிருக்கிறது. படித்தவள் என்று பெயர்.

அந்த ஹோட்டல் பிறகு பல வருடம் திறக்கவே இல்லை. கைமாறி, புதுப்பித்து, இந்த வருடம்தான் திறந்திருக்கிறார்கள். நீ ஹைஸ்கூல் வயதில் ஓடித் திரிந்த இடம் என்று உன் கல்யாணத்துக்கு அதையே பதிவு செய்தாய். எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? மண்டபத்தைப் பார்த்து வர நானும் அப்பாவும் மாசி மாதம் போனோம். லாபியில் செடிகூட புதிது. பழைய முகம் ஒன்றிரண்டுதான் இருந்தது, முன்பு மூன்று பேர் செய்த வேலையை ஒருத்தி செய்துகொண்டிருந்தாள். மார்வா எங்கே என்று அவளிடம்தான் விசாரித்து, வீட்டைத் தேடிப் போனோம். இரண்டு கிழவர்களைக் கவனித்துக்கொண்டு, பக்கத்து வீடுகளுக்குத் துணி துவைத்துக்கொண்டு இருக்கிறாள். என்னைப் பார்த்ததும் கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். நாற்காலியைத் துடைத்துப் போட்டாள்.

ஹோட்டலை விற்றபோது, மூடிய நாளில் பதிவேட்டில் இருந்தவர்களைத்தான் முதலில் வேலைக்குக் கூப்பிடவேண்டும் என்று அரசாங்கம் நிபந்தனை போட்டிருக்கிறது. மார்வா அங்கேயுள்ள தொழிலாளர் அலுவலகத்தில் மனு கொடுத்திருக்கிறாள். தான் வேலையை விடவில்லை, தன்னைக் கேட்காமல் மாற்றினார்கள் என்று. ஹோட்டல்காரர்கள் அவள் கையெழுத்துப் போட்ட தாளைக் காட்டுகிறார்கள். அந்தக் கையெழுத்துக்கு முன்னால் என்ன நடந்தது என்பதற்கு அவளிடம் ஒரு காகிதம்கூட இல்லை. என் ஈமெயில் பற்றி அவளுக்குத் தெரியவே தெரியாது, அருண். அவள் ஆங்கிலத்தில் சொன்னதை நான் தமிழில் சொல்கிறேன். "நான் எப்போ அந்த வேலையை விட்டேன்னு எனக்கே தெரியலம்மா. யாரு என்கிட்ட கேட்டாங்க, நான் என்ன சொன்னேன்னு ராத்திரி பகலா யோசிச்சுப் பார்க்கிறேன். ஞாபகமே வரல." கேட்டிருந்தால்தானே ஞாபகம் வரும்? எதிரே நான் உட்கார்ந்திருக்கிறேன், வாயைத் திறக்கவில்லை. அவள் கொடுத்த மாம்பழ ஜூஸை வேறு முழுவதும் குடித்துவிட்டு வந்தேன்.

திரும்பி வந்து உன்னிடம் சொன்னேன். பழைய ஈமெயில் உன்னிடம் இருக்கிறதா என்று கேட்டேன், ஐந்து நிமிடத்தில் தேடி அனுப்பினாய். அதை அலுவலகத்துக்கு அனுப்பப் போகிறேன் என்றதும்தான் உன் குரல் மாறியது. "ரெண்டு மாசம் வெய்ட் பண்ணும்மா. நம்ம கல்யாணமே அங்கதான் நடக்கப்போகுது. இப்பப் போயி அவங்களுக்கு எதிரா லெட்டர் குடுத்தா நல்லாவா இருக்கும்? முடிஞ்சதும் நானே அனுப்பறேன்." நிவேதாவின் பெற்றோர் முந்நூறு பேரை அழைத்துவிட்டார்கள், டிக்கெட் வாங்கிவிட்டார்கள், மண்டபத்தைக் கடைசி நேரத்தில் இல்லை என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று கேட்டாய். நியாயமான பயம்தான். நானும் வாயை மூடிக்கொண்டு மூன்று வாரம் காத்திருந்தேன். தொழிலாளர் அலுவலகம் காத்திருக்கவில்லை. வருகிற செவ்வாய்க்கிழமை விசாரணை என்று மார்வாவுக்குக் கடிதம் வந்துவிட்டது. வேலைக்குக் கூப்பிடவேண்டியவர்களின் பட்டியலை அன்றோடு முடிக்கிறார்கள். அதைத்தான் ஞாயிற்றுக்கிழமை உன்னிடம் சொல்ல வந்தேன். நீயோ ஹோட்டல் சேல்ஸ் மேனேஜரிடம் பேசிவிட்டதாகவும், இந்த விஷயத்தில் அம்மா தலையிடமாட்டார், அவருக்கும் அது சம்மதம் என்று சொல்லிவிட்டதாகவும் சொன்னாய்.

எனக்கும் சம்மதமாம். யாரைக் கேட்டுச் சொன்னாய்? எனக்கு வந்த கோபத்தில் ஃபோனைச் சுவரில் அடித்திருப்பேன். அப்புறம்தான் இதை எங்கே கற்றுக்கொண்டாய் என்று யோசித்தேன், கோபம் பாதி என் பக்கமே திரும்பிவிட்டது. நம் வீட்டில் இது பரம்பரை நோய். என்னைப் பெண் பார்க்க வந்தபோது, கல்யாணத்துக்குப் பிறகு அமெரிக்கா போகவேண்டியிருக்கும் என்று உன் தாத்தாவிடம் சொன்னார்கள். அவர் உள்ளே திரும்பிக்கூடப் பார்க்காமல், அவளுக்கும் சம்மதம்தான் என்றார். எனக்கு அப்போது திருச்சியில் காலேஜ் வேலை கிடைத்திருந்தது. உன் அப்பா நல்ல மனிதர், இந்த வாழ்க்கையில் எனக்குக் குறை இல்லை. ஆனால் ஒரு தடவை கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் சரி என்றே சொல்லியிருப்பேனோ என்னவோ, அது வேறு. நீ கல்யாணம் செய்துகொள்ளப் போகிறாய், புத்தி சொல்லச் சொன்னால் இது ஒன்றைத்தான் சொல்வேன். நிவேதாவுக்கும் சம்மதம் என்று நீ யாரிடமும் அவளைக் கேட்காமல் சொல்லாதே. அவளுக்கு நல்லதுதானே என்று தோன்றுகிறபோது இரண்டு தடவை கேள். எனக்கு அப்படித் தோன்றியபோதுதான் ஒருத்தியின் பதினேழு வருட வேலை போனது.

இன்று காலை ஈமெயிலையும் கூடவே ஒரு வாக்குமூலத்தையும் தொழிலாளர் அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டேன். உன்னைக் கேட்கவில்லை, கேட்டால் வேண்டாம் என்பாய் என்று தெரியும். இதைச் சொல்லிவிட்டு அடுத்த நிமிடமே நானும் அதைச் செய்கிறேன் என்று நீ சொல்லலாம், சொல்லிக்கொள். உன் அப்பா படித்துப் பார்த்துவிட்டு, சுகர் லேண்டில் கோயில் மண்டபம் அந்தத் தேதியில் காலியாக இருக்கிறதா என்று மட்டும் விசாரித்து வைத்தார். காலியாகத்தான் இருக்கிறதாம். நிவேதாவின் அம்மாவிடம் நானே பேசுகிறேன், திட்டினால் வாங்கிக்கொள்கிறேன். மார்வாவுக்கும் நேற்றே ஃபோன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன்.  இதை என் வீட்டுக்கு வந்த அன்றே சொல்லியிருக்கலாமே அம்மா என்றாள். மன்னித்துவிட்டேன் என்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

வாக்குமூலத்தில் நான் எழுதிய ஒரு விஷயத்தை உனக்கு இதுவரை சொல்லவில்லை. அந்த ஈமெயிலை நீ அடித்துக்கொண்டிருந்தபோது நான் அடுப்படியிலிருந்து அந்தக் கடைசி வரியைச் சொன்னேன். நீ அடிப்பதை நிறுத்திவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்து, "அவங்ககிட்ட கேட்டியாம்மா?" என்றாய். "கேட்டா என்ன சொல்லப்போறா, அவளுக்கு நல்லதுதானே, நீ போடு" என்று அதட்டினேன். நீ போட்டாய். அன்று அந்த வீட்டில் சரியான கேள்வியைக் கேட்டவன் நீ ஒருத்தன்தான், அருண். இத்தனை வருடத்தில் நீ அதை மறந்திருக்கலாம், நான் மறக்கவில்லை. மார்வாவைக் கேட்கவில்லை என்று நான் சொன்னதைக் கேட்டவனும் நீ ஒருத்தன்தான். ஈமெயிலை மட்டும் பார்த்தால் அவள் சம்மதித்தாள் என்றுதான் இருக்கிறது, அதனால் உன் பெயரையும் ஃபோன் நம்பரையும் கொடுத்திருக்கிறேன். செவ்வாய்க்கிழமை அங்கிருந்து ஒரு அதிகாரி உன்னைக் கூப்பிடுவார், இந்தக் கேள்வியை நீ கேட்டது உண்மையா என்று விசாரிப்பார். ஆமாம் என்று சொல்.

அம்மா